நாலு பேர் தங்கும் அறை

தீம் பார்க்குக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது அவள் புருஷன்தான். திறந்ததோடு அவன் வேலை முடிந்துவிட்டது. மீதி எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. அது ஒன்றும் புதிதில்லை. அந்த வீட்டில் எந்த யோசனை யார் வாயிலிருந்து புறப்பட்டாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து இறங்கும்.

"மேனேஜர் பாத்துப்பா," என்றான் அவன், தட்டை வழித்துக்கொண்டே.

மேனேஜர் என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். செல்லமாகத்தான் வைத்தார்கள். சம்பளமோ லீவோ இல்லாத பதவி என்று யாரும் யோசிக்கவில்லை.

வெளியில் அவளுக்குச் சம்பளம் கொடுத்த வேலை வேறு. ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காதில் ஃபோன், எதிரில் வீங்கிய கன்னம். பல்வலிக்காரர்கள் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. திரும்பிப் போகும்போதாவது சிரிப்பார்கள் என்றால், வாய் மரத்துப்போய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். "அழுத்த வாழம் எத்தன மழிக்கு?" என்று ஒருவர் கேட்டால், அது அடுத்த வாரம் எத்தனை மணிக்கு என்று புரிந்துகொள்ள அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்தியால்தான் முடியும். பல் பிடுங்கும் டாக்டரம்மாவே சில சமயம் உள்ளிருந்து தலையை நீட்டி, "இவர் என்ன சொல்றார்?" என்று கேட்பார்.

அவள் புருஷன் டயர் கடையில் வேலை பார்த்தான். சாயங்காலம் வரும்போது கைகள் கறுத்து, இடுப்பு வளைந்து, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வராது. பிள்ளைகள் இரண்டு. பெரியவள் ஒன்பதாம் வகுப்பு. எதைக் கேட்டாலும் "எதுன்னாலும் ஓகே" என்பாள், பிறகு எதைக் கொண்டுவந்து வைத்தாலும் உதட்டைப் பிதுக்குவாள். சின்னவனை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அவனைப் பார்த்த யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த தீம் பார்க் இருக்கும் ஊருக்குப் பேருந்தில் போனால் பாதி நாள் ஆகும். அந்த ஊருக்கே அது ஒன்றுதான் பிழைப்பு. சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி, தொப்பிக் கடை எல்லாம் பார்க்கைச் சுற்றி முளைத்தவை. அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கருவிகளைக் கொதிக்கவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் ஃபோனுமாக அந்த ஊரைப் படிக்க ஆரம்பித்தாள்.

படித்துப் படித்து, அந்த ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காமல் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் போல ஆகிவிட்டாள். சனி ஞாயிறு போனால் யானை விலை, வார நாளில் போனால் குதிரை விலை. வாசலுக்கு எதிரே இருக்கும் விடுதிகளின் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு விடுதி இருந்தது. அங்கிருந்து பார்க்குக்குப் போய்வர வேன் இலவசம், காலைச் சாப்பாடும் அறை வாடகையிலேயே சேர்த்தி. ஒரு நாள் டிக்கெட்டைவிட இரண்டு நாள் டிக்கெட் எடுத்தால் தலைக்குக் குறைவாக வரும். உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள், காலி பாட்டில் என்றால் விடுவார்கள். மழைக்கோட்டு உள்ளே வாங்கினால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாலுவின் உயரம்தான் பெரிய இம்சையாக இருந்தது. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே வேண்டாம். இன்னொரு உயரத்துக்கு மேலே இருந்தால் பெரிய ராட்டினங்களில் ஏறலாம். வாலு இரண்டுக்கும் நடுவில் நின்றான். டிக்கெட்டுக்கு வளர்ந்துவிட்டான், ராட்டினத்துக்கு வளரவில்லை.

"கொஞ்சம் கூன் போட்டு நடந்தா விட்டுடுவாங்களாம்மா?" என்று கேட்டான் அவன்.

"கூன் போட்டா ஃப்ரீயா உள்ள போலாம். அப்புறம் ராட்டினத்துக்கு என்ன பண்ணுவ?"

"ராட்டினத்துக்கு எக்கி நிப்பேன்."

புருஷன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு, "அங்க சாப்பாடு எப்படி?" என்று கேட்டான். பெரியவள் வைஃபை இருக்குமா என்று கேட்டாள். வாலு பார்க்கில் இருக்கும் பொம்மை டைனோசர் நிஜமா கடிக்குமா என்று கேட்டான். அன்றிலிருந்து தினமும் கேள்விதான். என்ன உடை எடுத்து வைப்பது, பேருந்தில் ஜன்னல் யாருக்கு, பழைய செருப்பா புது செருப்பா. பகல் முழுக்க ஊரின் பல்வலிக்குப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் இந்தப் பதில்களுக்கு அவள் நாக்கைத் தேட வேண்டியிருந்தது.

ஒருவழியாக மூன்று நாளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த அந்த விடுதியில் ஓர் அறை. இரட்டைக் கட்டில் ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் சின்னக் கட்டில் ஒன்று. நாலு பேர் வரை தங்கலாம். முன்பணமும் கட்டிவிட்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் நாத்தனார் ஃபோன் செய்தாள்.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு அக்கா. ஊரின் அந்தக் கோடியில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஜன்னல் திரைச்சீலை தைப்பதுதான் தொழில். கல்யாணம் அமையாமலே காலம் ஓடிவிட்டது. யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தால் டீயில் சர்க்கரை அதிகம் என்பாள், பிள்ளைகள் மெலிந்துவிட்டார்கள் என்பாள், திரைச்சீலையின் மடிப்பை விரலால் நீவி, "இதை யாரு தச்சது?" என்பாள். தைத்தது அவளேதான் என்றாலும் கேட்பாள்.

"வாலு சொன்னான், எங்கயோ பார்க்குக்குப் போறீங்களாமே," என்றாள் நாத்தனார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பக்கம் குரல் வந்தது. "நானும் வரட்டுமா? என் பங்கை நான் குடுத்துடறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் ஃபோனைப் பிடுங்காத குறையாக, "வாக்கா! இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று கத்தினான். கத்திவிட்டு மனைவியைப் பார்த்து, "அஞ்சு பேருக்கு மாத்திக்கலாம்ல? மேனேஜர் நினைச்சா முடியாததா?" என்றான்.

மேனேஜர் நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. விடுதிக்காரனிடம் கெஞ்சினாள். கூடுதல் படுக்கை போட இடமில்லை, அறைக்கு நாலு பேர்தான் சட்டம் என்று அவன் கையை விரித்துவிட்டான். இரண்டாவது அறை எடுத்தால், போட்ட கணக்கெல்லாம் குப்பைக்குப் போகும். நாத்தனார் தன் பங்கைத் தந்தாலும் பள்ளம் நிரம்பாது. வேறு விடுதி தேடினாள். ஒன்றில் வேன் இல்லை, ஒன்றில் ஜன்னலே இல்லை, ஒன்றைப் பற்றி எழுதியிருந்தவர்கள் எல்லோரும் மூட்டைப்பூச்சியைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார்கள்.

இரண்டு வாரம் அப்படியே ஓடியது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, மகன், மருமகள் எல்லோரும் நின்றார்கள். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "நாலு பேருக்கு மேல தங்க முடியாதுங்க."

பெரியவர் வலியை மறந்து விழித்தார். "தங்கணுமா? பல்லு பிடுங்கிட்டு அனுப்பிடுவீங்கன்னுல்ல சொன்னாங்க!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டு உட்காரவைத்தாள். அன்று முழுக்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். போகப்போகிற விடுமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் தெம்பு வரும் என்று நினைத்தாள். பார்க் வந்தது. பெரிய ராட்டினம் வந்தது. எல்லோரும் மேலே சுற்றுகிறார்கள். கீழே அவள் நிற்கிறாள். தோளில் நாலு பை, கையில் இரண்டு தொப்பி, பாதி குடித்த ஜூஸ் ஒன்று. வாலு மேலேயிருந்து, "அம்மா, பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கத்துகிறான்.

அவள் கண்ணைத் திறந்து, மறுபடி மூடினாள். இந்த முறை தன் வீடு வந்தது. எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட வீடு. மேசைமேல் ஒன்றும் இல்லை. யாரும் இல்லை. குழாய் கூடச் சொட்டவில்லை. அந்தக் காலி வீட்டைப் பார்த்ததும் அவள் தோள் தானாக இறங்கியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள். "நான் வரல. அண்ணி போகட்டும். நீங்க மூணு பேரு, அண்ணியோட நாலு. அறை சரியா இருக்கும்."

மேசையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பெரியவள் ஃபோனிலிருந்து முகத்தை எடுத்தாள். அது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

"அத்தை வர்றது உனக்குப் பிடிக்கலையாம்மா?"

"பிடிக்காம என்ன? நல்லா போயிட்டு வாங்க."

"அப்ப என் பையை யாரு தூக்குவா?" என்றான் வாலு. அவன் கவலை அவனுக்கு.

புருஷன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். படுக்கப் போகும்போது மெதுவாக, "நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லு," என்றான்.

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலன்னு நீ சொன்னா பெருசா ஏதோ பண்ணியிருக்கேன்னு அர்த்தம்."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் கோபம் என்றால் எல்லோருக்கும் தெரியும், உடம்பு சரியில்லை என்றால் தெரியும், களைப்பு என்றால் மட்டும் யாருக்கும் தெரியாது. தூங்கினால் போய்விடும் என்பார்கள். இது தூங்கியும் போகாத களைப்பு. காலையில் எழுந்து நிற்கும்போதே முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த நாள் அவன் பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்தான். அதற்கடுத்த நாள் சொல்லாமலே பாத்திரம் கழுவினான், கழுவியதில் இரண்டு கப் போயிற்று. கோபமே இல்லாதவளைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. சமாதானமாகிவிட்டேன் என்று எப்படிக் காட்டுவது என்று அவளுக்கும் புரியவில்லை. அதுவும் சேர்ந்து களைப்பாயிற்று. கடைசியில் அவன் அக்காவுக்கு ஃபோன் செய்து, பட்டும் படாமலும் விஷயத்தைச் சொல்லித் தொலைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் நாத்தனார் படியேறி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. இவள் அப்போது கட்டில் நிறையக் காய்ந்த துணியைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் கடையில் இருந்தான், பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள்.

"நான் வரல," என்றாள் நாத்தனார். "ஏதோ வாய் தவறிக் கேட்டுட்டேன். உன் குடும்பம், நீ போ. நான் குறுக்க வந்து நிக்கிறவ இல்ல."

"அண்ணி, உக்காருங்க."

"உக்காரல்லாம் நேரமில்ல. எனக்கு ஒரு ஆஸ்டல் முழுக்கத் திரை தைக்கணும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அண்ணி."

"வருத்தம் இல்லாமயா வீட்ல உக்காந்துக்கறேங்கற?"

இவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். இதுவரை யாரிடமும் சொல்ல வராதது, அந்த அவசரக்காரியிடம், நின்றுகொண்டிருந்தவளிடம், பொலபொலவென்று வந்துவிட்டது.

"அண்ணி, காலையில எழுந்ததுலேர்ந்து ஆளாளுக்கு எங்கிட்ட கேள்வி கேக்கறாங்க. சாக்ஸ் எங்க, சாவி எங்க, என்ன சமையல், எப்ப வருவ. ஆஸ்பத்திரிக்குப் போனா எப்ப வலி நிக்கும், எப்ப தையல் பிரிப்பீங்க. ராத்திரி கண்ணை மூடினாலும் யாரோ ஏதோ கேக்கற மாதிரியே இருக்கு. மூணு நாள், வெறும் மூணு நாள், யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்காம இருக்கணும். அவ்வளவுதான். ராட்டினம் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் கெட்டவளா அண்ணி?"

நாத்தனார் தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள். கட்டிலில் துணியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, இப்போதுதான் உட்கார்ந்தாள். குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அவள் மடித்த துண்டுகள் கடையில் வைத்ததுபோல மூலைக்கு மூலை ஒட்டி நின்றன.

"எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?" என்றாள். "கதவைத் திறந்து உள்ள போனா சாவியை எங்க வச்சேன்னு கேக்க ஆள் கிடையாது. தொலைஞ்சா நானே தேடணும், கிடைச்சா நானே சந்தோஷப்படணும். திரைக்கு அளவு கேப்பாங்க, எப்ப ரெடியாகும்னு கேப்பாங்க. அதோட சரி. போன வாரம் ஞாயித்துக்கிழமை முழுசா ஒரு வார்த்தை பேசல. சாயங்காலம் கடைக்குப் போய்ப் பால் கேட்டேன், குரலே வரல. கடைக்காரன் உடம்பு சரியில்லையான்னு கேட்டான். அவன் கேட்டதே எனக்கு நல்லா இருந்தது."

இவள் கையில் இருந்த துணியோடு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த அண்ணி டீயில் சர்க்கரையைக் குறை சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள்.

"அதான் கேட்டேன்," என்றாள் நாத்தனார். "பார்க்கைப் பாக்க இல்ல. எனக்கு உயரத்துக்குப் போனாலே தலை சுத்தும்."

இருவரும் சேர்ந்து துணி மடித்தார்கள். குவியல் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நாத்தனார் முதுகை நிமிர்த்தி, வேலைக்கு ஆள் எடுக்கிறவள்போல, "சரி, சொல்லு. வாலுவுக்குப் பஸ்ல வாந்தி வருமா?" என்றாள்.

"முன்னாடி உக்கார வச்சா வராது."

"பெரியவ சாப்பிடுவாளா, சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவாளா?"

"ரெண்டாவது."

"உன் புருஷன்?"

"அவர் காணாம போவார் அண்ணி. எங்கயாவது உக்காந்த இடத்துல தூங்கிடுவார். கூட்டத்துல தேடணும்."

"அவனைப் பத்தி எனக்குச் சொல்லித் தராத. சின்ன வயசுல மூணு தடவை தொலைச்சிருக்கேன், மூணு தடவையும் கண்டுபிடிச்சுட்டேன்." நாத்தனார் சிரித்தாள். அவள் பல்வரிசை அழகாக இருந்ததை, பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற இவள் அன்றுதான் கவனித்தாள்.

புறப்படும் காலையில் பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் போனாள். வாலு முன் இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டான். பெரியவள் ஏறுவதற்கு முன் திரும்பி வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். புருஷன் கடைசியாகப் படியில் கால் வைத்து நின்றான்.

"நிஜமா கோபம் இல்லையே?"

"இப்ப ஏறலன்னா வரும்."

அவன் சிரித்தபடி ஏறினான். நாத்தனார் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டவில்லை. போ போ என்பதுபோலப் புறங்கையை வீசினாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படுத்தாள். எழுந்தபோது எந்த நேரம், எந்த நாள் என்று தெரியவில்லை. தலையணைத் தையல் கன்னத்தில் பதிந்திருந்தது. எழுந்து, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே ரொட்டியை ஜாம் தடவிச் சாப்பிட்டாள். தட்டு எடுக்கவில்லை. மறுபடி போய்ப் படுத்தாள். முதல் நாள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கியே தீர்ந்தது.

பெரியவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சின்ன ராட்டினம் ஒன்றில் புருஷன் கண்ணை இறுக மூடி, வாயை ஆவென்று திறந்திருந்தான். பக்கத்தில் வாலு அப்பாவைக் கேவலமாகப் பார்த்தான். அவள் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பே சுவரில் பட்டுத் திரும்பி வந்தது கொஞ்சம் விநோதமாக இருந்தது.

இரண்டாம் நாள் தூக்கம் வரவில்லை. காலையிலிருந்தே மழை. அங்கேயும் பெய்யுமோ? மழைக்கோட்டைப் பையில் எந்தப் பக்கம் வைத்தோம் என்று அண்ணியிடம் சொன்னோமா? ஃபோனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னவள் அவள்தான். இப்போது கேட்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. அவர்கள் சாப்பிட்டிருப்பார்களா, வழுக்கி விழுந்திருப்பார்களா என்று வீடு முழுக்க நடந்தாள். கழுவிய கப்பையே மறுபடி கழுவினாள். விடுமுறை கூடக் கைப்பழக்கம் இருந்தால்தான் வரும்போல.

மூன்றாம் நாள் வேறு மாதிரி இருந்தது. மழை விட்டிருந்தது. அவள் எழுந்து வெந்நீரில் நிதானமாகக் குளித்தாள். கதவை யாரும் தட்டவில்லை, தட்டுவார்கள் என்று காதும் எதிர்பார்க்கவில்லை. வெளியே நடந்தாள். கடைத்தெருவில் எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் பார்த்தாள். ஓர் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, சாலையைத் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரத்தை வேடிக்கை பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்ன யோசித்தாய் என்று யாராவது கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்பதுதான் சத்தியமான பதிலாக இருந்திருக்கும். இரண்டு நாள் அவளை விட்டு இறங்காத ஏதோ ஒன்று, அந்தப் பெஞ்சில்தான் தானாக இறங்கிப் போயிற்று.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். நாத்தனார் வரவில்லை. வாலு பையை வாசலிலேயே எறிந்துவிட்டு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். பெரியவள் சோபாவில் விழுந்தாள். புருஷனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பாமல், மொத்த உடம்பையும் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

"என்னங்க ஆச்சு? விடுதிக் கட்டில் சரியில்லையா?"

"கட்டில் எல்லாம் நல்லாத்தான் இருந்தது," என்றான் அவன்.

"நாங்க நேத்தே வந்துட்டோம்மா!" என்றான் வாலு. "அத்தை வீட்ல தரையில படுத்தோம். அக்கா மட்டும் துணி வெட்டற மேசை மேல படுத்தா. கீழ விழுந்துடுவாளோன்னு அத்தை திரைத்துணியால கட்டி வச்சாங்க."

"வாயை மூடுடா," என்றாள் பெரியவள். "சொல்லக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்கல்ல."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் இனி மறைத்துப் பயனில்லை என்று நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான். இரண்டாம் நாள் அங்கேயும் விடாத மழை. பெரிய ராட்டினம், சின்ன ராட்டினம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நனைந்த டைனோசர் ஒன்றுதான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. வாலு அழுதான். மறுநாளும் மழைதான் என்று பார்க்கிலேயே சொல்லிவிட்டார்கள். விடுதிக்காரன் ஒரு நாள் வாடகையைத் திருப்பித் தரச் சம்மதித்தான், அக்கா பேசிய பேச்சில் சம்மதிக்காமல் என்ன செய்வான். மத்தியானப் பேருந்தைப் பிடித்து ஊர் வந்து இறங்கினார்கள்.

"நான் வீட்டுக்குப் போற பஸ் பக்கம் நடந்தேன். அக்கா என் பையைப் பிடிச்சு இழுத்தா. எங்கடா போறன்னா. வீட்டுக்குத்தான்னேன். மேனேஜர் மூணு நாள் கேட்டா, ரெண்டு நாள்தான் ஆயிருக்கு, எல்லாரும் என் வீட்டுக்கு நடங்கன்னுட்டா. அந்த ஒரு அறையில நாலு பேரு! தையல் மெஷினுக்கு அடியில காலை நீட்டிப் படுத்தேன். திரும்பவே முடியல." அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவ்வளவு களைச்சுப் போயிருக்கன்னு எனக்குத் தெரியல. அக்கா சொல்லித்தான் தெரிஞ்சது. நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றான்.

சொன்னேனே என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லைதான். ஒன்றும் பண்ணல என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் அவனுக்குப் பின்னால் போய் நின்று, பிடித்துக்கொண்ட கழுத்தில் கைவைத்து அழுத்தினாள். அவன் "ஆ" என்று முனகினான்.

கொஞ்ச நேரம் கழித்து ஃபோனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"அண்ணி."

"சொல்லிடுச்சா அந்த வாலு?" என்றாள் நாத்தனார். "எனக்குத் தெரியும். அது வாயில எதுவும் தங்காது."

"ஏன் அண்ணி இப்படி? அந்த அறையில எப்படி நாலு பேரு…"

"எப்படியோ இருந்தோம். உன் பையன் தூங்கற வரைக்கும் கேள்வி கேட்டான். மெஷின் ஏன் டகடகங்குது, செருப்புக் கடைக்காரருக்கு எத்தனை கால், நீங்க ஏன் அத்தை கல்யாணம் பண்ணல. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். தொண்டை கட்டிடுச்சு." குரல் நிஜமாகவே கரகரத்தது. ஆனால் அதில் ஒரு புது உற்சாகம் இருந்தது. "இப்ப வீட்டைப் பெருக்கிட்டு இருக்கேன். எங்க பாத்தாலும் பிஸ்கெட்டுத் தூள். சரி, நீ தூங்கினியா?"

"தூங்கினேன் அண்ணி. இன்னிக்குத்தான் நிஜமா ஓய்வா இருந்தது. இன்னிக்கு மட்டும் இல்லன்னா…" அவள் மூக்கை உறிஞ்சினாள்.

அந்தப் பக்கம் துடைப்பம் ஓடும் சத்தம் நின்றது.

"விடு," என்றாள் நாத்தனார். "அழுதா தலைவலி வரும். வர்ற வாரம் ஆஸ்டல் திரையெல்லாம் குடுத்து முடிச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை இங்க வா. நீ மட்டும் வா. அரட்டை அடிக்கலாம், இல்ல, நீ படுத்துக்கோ, நான் பாட்டுக்குத் தைக்கறேன். மெஷின் சத்தம் உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்ல அண்ணி. வரேன்."

ஃபோனை வைத்துவிட்டு வந்தபோது புருஷன் நாற்காலியிலேயே, கழுத்து சாய்ந்தபடி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பெரியவள் ஈரத்துணிப் பையைப் பிரித்து, எது யாருடையது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரித்து வைத்தாள். வாலு அம்மாவின் மடியில் தலைவைத்து, மழையில் டைனோசர் எப்படித் தலையை ஆட்டியது என்று ஆட்டிக் காட்டினான். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் தலை பாதியில் நின்றுவிட்டது. தூங்கிப்போனான்.

நாளைக்குக் காலை ஆஸ்பத்திரி. மூன்று நாள் தேங்கிய பல்வலி எல்லாம் மேசைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். அவள் வாலுவின் தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.